மலேசிய மனைவி, ஆற்காட்டுக் கணவர்: ஒரு குடியுரிமை விண்ணப்பம் கடந்து வந்த நான்கு ஆண்டுகள்

வட ஆற்காட்டுக் குடும்பங்களில் மலேசியா, இலங்கை, சிங்கப்பூரிலிருந்து பெண் எடுப்பது இன்றும் நடக்கிறது. திருமணத்துக்கு ஆகும் ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பெண்ணின் குடியுரிமைக் காகிதங்களுக்கு ஆவதில்லை. கீழே உள்ளது எங்களிடம் ஆலோசனைக்கு வந்த அப்படி ஒரு தம்பதியின் விண்ணப்பம் தொடங்கிய நாள் முதல் சான்றிதழ் கைக்கு வந்த நாள் வரையிலான பதிவு. பெயர்களும் ஊர் விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

கணவர் 1979இல் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். மலேசியக் குடியுரிமை உடையவர். அவருடைய தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். தூரத்துச் சொந்தம் வழியாக வந்த சம்பந்தம். 2010 பிப்ரவரியில் ரத்தினகிரி முருகன் கோயிலில் திருமணம் நடந்தது. அடுத்த மாதமே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார்கள்.

திருமணத்துக்குச் சுற்றுலா விசாவில் வந்த மனைவி திரும்பிப் போய், கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசா எடுத்துக்கொண்டு 2010 ஜூனில் வந்து சேர்ந்தார். வந்த 14 நாளுக்குள் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் வெளிநாட்டினர் பிரிவில் பதிவு செய்துகொண்டார். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளால் அந்தப் பிரிவுக்கு இத்தகைய கோப்பு புதிதல்ல. அதன் பிறகு விசா நீட்டிப்புக்கு அங்கேதான் போய் வந்தார். 2018க்குப் பின் அந்த வேலை இணையவழிக்கு மாறியது.

2012இல் வேலூரில் மகள் பிறந்தாள். குழந்தையின் குடியுரிமையில் சிக்கல் இல்லை. 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பிறகு இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும், மற்றவர் பிறப்பு நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருந்தால், பிறப்பிலேயே குடியுரிமை உண்டு. தாயின் விசா அன்று செல்லுபடியில் இருந்தது. இந்த விதியின் கனம் பல வீடுகளில் உணரப்படவில்லை. விசா காலாவதியான பின் தங்கியிருப்பவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. பிரசவ தேதி அந்த இடைவெளியில் விழுந்தால் பாதிப்பு குழந்தைக்கு.

எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது

2018 ஆகஸ்டில் தம்பதி ஆலோசனைக்கு வந்தபோது மூன்று விதமான அறிவுரை அவர்கள் காதில் விழுந்திருந்தது. மூன்றில் இரண்டு தவறு.

முதலாவது, ‘தாத்தா குடியாத்தம்காரர், அதனால் இந்திய வம்சாவளி என்று போடுங்கள்’ என்பது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இந்திய வம்சாவளியினர் என்றால், விண்ணப்பிப்பவரோ அவருடைய தாய் தந்தையரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவிலோ, 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவுடன் சேர்ந்த பகுதியிலோ பிறந்திருக்க வேண்டும். இவருடைய பெற்றோர் இருவரும் பேராக்கில் பிறந்தவர்கள். தாத்தாவின் பிறப்பு இங்கே கணக்கில் வராது.

இரண்டாவது, 6ஆம் பிரிவின்படி இயல்புரிமை வழியில் போவது. அதற்கு விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய 14 ஆண்டில் 11 ஆண்டு வசித்திருக்க வேண்டும். 2010இல் வந்தவருக்கு அந்தக் கணக்கு 2022 வரை நிறையாது.

சரியான வழி 5(1)(சி): இந்தியக் குடிமகனை மணந்தவருக்கான பதிவு. படிவம் 3. இங்கேயும் 12 மாதத் தொடர்ச்சி வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய 8 ஆண்டில் 6 ஆண்டு வசித்திருந்தால் போதும். ‘ஏழு வருஷம் ஆனால் போதும்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஏழு ஆண்டு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வெளிநாட்டு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை, அதாவது ஓ.சி.ஐ., நான்காவது வழியாகப் பரிசீலிக்கப்பட்டது. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால் இந்தியரின் வெளிநாட்டுத் துணைக்கு அது கிடைக்கும். மலேசியக் குடியுரிமையை விட வேண்டாம், விசா நீட்டிப்புத் தொல்லையும் போய்விடும். தம்பதி அதை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். காரணம் மாமனாரின் நஞ்சை நிலம். அதன் பக்கத்திலேயே இன்னொரு துண்டை வாங்கி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்பது குடும்பத்தின் எண்ணம். ஓ.சி.ஐ. அட்டைதாரர் விவசாய நிலம் வாங்க முடியாது, வாக்களிக்கவும் முடியாது. தவிர, துணை என்ற தகுதியில் பெற்ற அட்டை மணமுறிவு ஏற்பட்டால் ரத்தாகும். இங்கேயே வேர்விட்டுவிட்ட பெண்ணுக்கு அப்படி நிபந்தனைக்கு உட்பட்ட நிலை பாதுகாப்பு ஆகாது என்பதே எங்கள் கருத்தும். மலேசியாவில் பெற்றோரின் சொத்து, வேலை என்று பிடிப்பு உள்ளவருக்கு இதே கேள்விக்கு விடை வேறாக இருக்கும்.

நாள் கணக்கு

2018 செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும் என்று வந்தார்கள். அதற்கு முன் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு ஐந்து பத்திகள் பிரிக்கச் சொன்னோம்: இந்தியாவை விட்டுப் புறப்பட்ட தேதி, திரும்பி வந்த தேதி, விமான நிலையம், முத்திரை உள்ள பாஸ்போர்ட்டின் எண், பக்க எண். நினைவிலிருந்து எழுதக் கூடாது. முத்திரையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் வெளியே இருந்த நாளாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னோம். கணக்கு நமக்குப் பாதகமாக இருந்தும் நிறைந்தால்தான் பயமில்லாமல் கையெழுத்துப் போடலாம்.

மலேசியப் பாஸ்போர்ட் அப்போது ஐந்து ஆண்டுதான் செல்லும். ஆக எட்டு ஆண்டுக்குள் இரண்டு புத்தகம் மாறியிருந்தது. அதில் 2010-ஐ ஒட்டிய முதல் புத்தகம் வீடு மாற்றியபோது காணாமல் போயிருந்தது. காப்பாற்றியது கணவரின் பழக்கம் ஒன்று. ஒவ்வொரு விசா நீட்டிப்புக்கும் கொடுத்த நகல்களில் ஒரு செட்டை அவர் தனியாகக் கோத்து வைத்திருந்தார். வருகை முத்திரை உள்ள பக்கங்கள் அதில் இருந்தன. காவல் அலுவலகக் கோப்பில் உள்ள நகல்களோடு அவை ஒத்துப்போகும் என்பதால் அதையே ஆதாரமாக வைக்க முடிந்தது.

நோட்டு நிறைந்ததும் இரண்டு விஷயம் தெரிந்தன. எட்டு ஆண்டில் வெளியே இருந்தது, 2013இல் தாயாரின் நோய்க்காகத் தங்கிய ஏழு மாதம் உட்பட, மொத்தம் சுமார் பதினைந்து மாதம். இரண்டு ஆண்டு வரை இடமுண்டு, அதில் பாதகமில்லை. ஆனால் தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் போய் 2018 ஜனவரி 27 அன்றுதான் திரும்பியிருந்தார். செப்டம்பரில் விண்ணப்பித்தால் 12 மாதத் தொடர்ச்சி உடைகிறது.

அந்த 12 மாதத்தில் 30 நாள் வரை மத்திய அரசு தளர்த்தலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. சாவு வீட்டுக்குப் போனது நியாயமான காரணமும்கூட. இருந்தும் காத்திருக்கவே முடிவு செய்யப்பட்டது. அந்தத் தளர்வைத் தருவது ஆட்சியர் அலுவலகத்தின் கையில் இல்லை. மத்திய அரசு சிறப்புச் சூழ்நிலை இருப்பதை ஏற்று, அதை எழுத்தில் பதிந்து தர வேண்டும். கீழ்மட்டச் சரிபார்ப்பில் ‘தகுதி இல்லை’ என்று ஒரு வரி எழுதப்பட்டால், அதைத் துடைக்க ஆகும் காலம் ஐந்து மாதக் காத்திருப்பைவிட நீளம்.

கோப்பில் தென்பட்ட கோளாறுகள்

காத்திருந்த மாதங்கள் வீணாகவில்லை. காகிதங்களை வரிசையாக எடுத்து வைத்தபோது மூன்று கோளாறுகள் வெளிப்பட்டன.

மிக ஆபத்தானது வாக்காளர் பட்டியல். மனைவியின் பெயர் அதில் இருந்தது. பெயர் சேர்ப்பு முகாமில் மாமனார் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்திருந்தார். ‘வீட்டு மருமக பேரு மட்டும் விட்டுப் போயிடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேங்க’ என்றார் அந்தப் பெரியவர். அவர் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் வெளிநாட்டவர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியாது; அந்தப் படிவத்தில் பொய்யான உறுதிமொழி தருவது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். மனைவி ஒரு முறைகூட வாக்களித்ததில்லை என்பது பெரிய ஆறுதல். பேசாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். காவல் விசாரணையில் முதலில் பார்ப்பதே இதைத்தான். 2018 அக்டோபரில் படிவம் 7 கொடுத்து, தான் வெளிநாட்டவர், பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று எழுதிப் பெயரை நீக்கினார்கள். நீக்கப்பட்டதற்கான ஆதாரத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். விண்ணப்பத்துக்கு முன்பே தாமாக முன்வந்து நீக்கியது பின்னால் பெரிய அளவில் கைகொடுத்தது.

அடுத்தது பெயர். மலேசியத் தமிழ்ப் பெண்களின் பாஸ்போர்ட்டில் அவர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/பி’ என்று இருக்கும். மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கம் அது. திருமணச் சான்றிதழில் அதை இனிஷியல் என்று எண்ணி ‘ஏ.பி.’ என்று பெயருக்கு முன்னால் தட்டச்சு செய்திருந்தார்கள். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து இனிஷியலாக ஏறியிருந்தது. வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர் முழுதாகவே பின்னொட்டாக இருந்தது. ஒரே பெண், மூன்று பெயர். எதை எதற்கு ஒத்தபடி திருத்துவது என்ற குழப்பத்துக்கு விடை சுலபம்: வெளிநாட்டவருக்கு மூல ஆவணம் பாஸ்போர்ட் மட்டுமே. அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மற்றவை மாற வேண்டும். திருமணச் சான்றிதழுக்குச் சார்பதிவாளரிடம் திருத்த மனு. ஆதாருக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டித் திருத்தம். வங்கிக்கும் பழைய காகிதங்களுக்கும் ‘இந்தப் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும்’ என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம். இதற்கே 2019 பிப்ரவரி ஆகிவிட்டது.

மூன்றாவது, 2014இல் விசா நீட்டிப்பு தாமதமாகி சில வாரம் அனுமதி இல்லாமல் இருந்தது. அபராதம் கட்டிய ரசீது பத்திரமாக இருந்தது. அந்த நாட்களை வசித்த நாட்களின் கணக்கிலிருந்து தாமாகவே கழித்து, விண்ணப்பத்தோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வைத்தார்கள். கழித்த பிறகும் ஆறு ஆண்டு நிறைந்தது.

கணவரின் பக்கத்திலும் ஒரு சிறு சங்கடம் இருந்தது, இந்த மாவட்டத்துக்காரர்களுக்கே உரியது. பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம். பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், 1989 பிரிவினைக்குப் பின் வந்த பெயர். பாஸ்போர்ட்டில் வேலூர். ஊர் நகரவே இல்லை, மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. இதற்குப் பிரமாணப் பத்திரம் தேவைப்படவில்லை. முகப்புக் கடிதத்தில் இரண்டு வரி விளக்கம் போதுமானதாக இருந்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் அவருடைய குடியுரிமைக்குப் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் போதும்.

விண்ணப்பமும் விசாரணையும்

2019 மார்ச் நடுவில் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் பதிவேற்றப்பட்டது. பாஸ்போர்ட், தங்கும் அனுமதி, திருமணச் சான்றிதழ், கணவரின் குடியுரிமைச் சான்று, கட்டணச் சலான் ஆகியவற்றோடு அச்சுப் பிரதி சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. பதிவேற்றும்போது கவனிக்க வேண்டியது கோப்பின் தெளிவு. கைப்பேசியில் எடுத்த சாய்ந்த படத்தில் முத்திரைத் தேதி தெரியாது. கடையில் ஸ்கேன் செய்தே ஏற்ற வேண்டும்.

ஆட்சியர் 60 நாளில் அறிக்கையோடு மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும், மாநில அரசு 30 நாளில் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நடந்தது வேறு. மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 10 அன்றே வந்திருந்தது. வேலூர்த் தொகுதியின் தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட் 5 அன்று நடந்ததால், வருவாய்த் துறை அந்த ஆண்டு இரண்டு முறை தேர்தல் வேலையில் மூழ்கியது.

செப்டம்பரில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்தது. அக்டோபரில் காவல் துறையினர் வீட்டுக்கு வந்தார்கள். வெளிநாட்டுப் பயணங்கள், மலேசியாவில் உள்ள உடன்பிறந்தோரின் தொழில், வருமானத்துக்கு வழி, வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். அக்கம்பக்கத்திலும் விசாரித்தார்கள். வாக்காளர் பட்டியல் கேள்வியும் எதிர்பார்த்தபடியே வந்தது. ‘அம்மா, உங்க பேரு பட்டியல்ல இருந்திருக்கே’ என்றவரிடம், நீக்கிய ஆதாரத்தை எடுத்துக் கொடுத்தார். பயண நோட்டை வாங்கிப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டார்கள்.

மாவட்டம் பிரிந்தது

2019 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. வீடு புதிய மாவட்டத்தில், கோப்பு பழைய மாவட்டத்தில். டிசம்பரில் விசாரித்தபோது அந்தக் கோப்பு எந்த அலுவலகத்துக்குப் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை.

புதிதாக விண்ணப்பித்துவிடலாமா என்று தம்பதி கேட்டார்கள். வேண்டாம் என்றோம். புது விண்ணப்பம் என்றால் புதுத் தேதி. எட்டு ஆண்டுக் கணக்கு, காவல் அறிக்கை எல்லாம் முதலிலிருந்து. பழைய விண்ணப்பமும் நிலுவையில் இருந்தால் இரட்டை விண்ணப்பம் என்ற புதுக் கேள்வியும் எழும். அதற்குப் பதிலாக இணையதளக் கோப்பு எண், விண்ணப்பத் தேதி, முடிந்த விசாரணைகளின் பட்டியல் ஆகியவற்றோடு ஒரே மனுவை இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் கொடுத்து, கோப்பை மாற்றக் கோரினார்கள். இரண்டிலும் ஒப்புகைச் சீட்டு வாங்கினார்கள். 2020 பிப்ரவரியில் கோப்பு ராணிப்பேட்டைக்கு வந்தது. மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு.

இந்தக் காலத்தில் விடாமல் செய்த வேலை ஒன்று உண்டு: விசா நீட்டிப்பு. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பது தங்கும் அனுமதி ஆகாது. விண்ணப்பித்தாயிற்று, இனி விசா எதற்கு என்று விட்டுவிட்டு, அந்த ஒரு காரணத்தால் எல்லாவற்றையும் இழப்பவர்கள் இருக்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பழைய காவல் அறிக்கை ஓராண்டைக் கடந்துவிட்டதால் 2020 கடைசியில் புதிய அறிக்கை கேட்கப்பட்டது. 2021 நடுவில் கோப்பு சென்னைக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போனது.

ஒப்புதல் கடிதத்துக்குப் பிறகு

2022 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகத்தின் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, மலேசியக் குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றைக் கொடுத்தால் பதிவுச் சான்றிதழ் தரப்படும் என்பது அதன் சாரம். இந்தக் கடிதம் குடியுரிமை அல்ல. துறப்பதற்கும் பெறுவதற்கும் நடுவே எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையில் இல்லாத காலம் ஒன்று வருகிறது. இந்த வழக்கில் மிக யோசித்து எடுத்த முடிவுகள் இங்கேதான்.

முதலில் தாயாரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். வயதானவர், நோயாளி. துறப்பு விண்ணப்பம் கொடுத்த பிறகு அவருக்கு ஏதாவது ஆனால் மகளால் போகவே முடியாது. வசிப்புக் கணக்கு விண்ணப்பத் தேதிக்கு முந்தைய காலத்துக்கு மட்டும் என்பதால் இந்தப் பயணம் தகுதியைப் பாதிக்காது. மலேசிய எல்லை 2022 ஏப்ரலில் திறந்தது. மே மாதம் போய் வந்தார்.

திரும்பியதும் இந்தியாவில் தங்கும் அனுமதியை அடுத்த ஓராண்டுக்கு நீட்டித்துக்கொண்டார். பாஸ்போர்ட்டை ஒப்படைத்த பிறகு அனுமதி காலாவதியானால் நீட்டிக்க ஆவணமே இருக்காது.

அதன் பிறகே, ஜூனில், சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் படிவம் கே மூலம் துறப்பு அறிவிப்பு. வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறவிருப்பவரும் துறக்கலாம் என்று மலேசிய அரசியலமைப்பின் 57ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதற்கு ஒப்புதல் கடிதமே ஆதாரம். பாஸ்போர்ட், அடையாள அட்டை முதலியவற்றை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களுக்கும், வெற்றுப் பக்கம் உட்பட, நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கினார்.

துறப்புப் பதிவான ஆவணம் டிசம்பரில் வந்தது. அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டு, 2023 ஏப்ரலில் பதிவுச் சான்றிதழைப் பெற்றார்.

அதன் பின்

மே மாதம் படிவம் 6. இந்த முறை அவரே நிரப்பினார். 2024 ஏப்ரல் 19 அன்று முதல் முறையாக வாக்களித்தார். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பிறப்பிடம் பேராக் என்பதால் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் காட்ட வேண்டியிருந்தது. நிலம் இருவர் பெயரிலும் பதிவாகிவிட்டது.

திருமணத்துக்கு முன் மலேசியாவில் வேலை பார்த்தபோது சேர்ந்த கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற மலேசியத் தொழிலாளர் சேமநிதிப் பணம் கணக்கில் அப்படியே கிடந்தது. குடியுரிமையைத் துறந்தவர் அதை முழுதாக எடுக்கலாம்; அதற்கும் துறப்பு ஆவணம் தேவை. ஒரே மூலப் பிரதியை இந்திய அரசுக்குக் கொடுத்துவிட்டு, சான்றொப்பமிட்ட நகலுக்காக மீண்டும் அலைய நேர்ந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

துறப்பு ஆவணம் கைக்கு வந்த அன்றே சான்றொப்ப நகல்கள் குறைந்தது மூன்று எடுக்க வேண்டும். பயண நோட்டை, மணமகள் வந்திறங்கும் நாளிலிருந்தே எழுத வேண்டும். எட்டு ஆண்டு கழித்து முத்திரை தேடுவது லேசான வேலை அல்ல. திருமணப் பதிவின்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே, சாய்கோடு உட்பட, தட்டச்சு செய்திருக்கிறார்களா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நிமிடம் பார்த்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். பெயர் சேர்ப்பு முகாமுக்குப் போகும் வீட்டுப் பெரியவர்களிடம் வெளிநாட்டு மருமகளின் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கேட்டவுடன் சரி என்பார்கள். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அடுத்த முகாமிலும் நினைவிருக்கும்.

மாவட்டப் பிரிவினை போன்ற நிர்வாக மாற்றம் அறிவிக்கப்பட்டால், அது நடைமுறைக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2019 ஆகஸ்டிலேயே ராணிப்பேட்டை அறிவிப்பு வெளியாகியிருந்தது. அப்போதே கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுத்திருந்தால், மாற்றப்பட வேண்டிய கோப்புகளின் பட்டியலில் இதுவும் சேர்ந்திருக்கும். ஊரடங்குக்கு முன்பே கோப்பு சென்னைக்குப் போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது.